நேதாவின் கயிறு

த்ராவ்னா,
9 பிப்ரவரி 2017

நேதா,

போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன். எடுத்தால் கத்துவேன், நான் கத்தினால் உன் அண்ணி பேரினா அழுவாள், அவள் அழுதால் வீட்டில் அடுப்பு எரியாது. கையில் பேனா இருந்தால்தான் எனக்குக் கொஞ்சமாவது நிதானம் வருகிறது. இனி நம் பேச்சு தபாலில்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, மேசையில் கருவாட்டுக் குழம்பு ஆறுவதற்குள், பக்கத்து வீட்டு நிக்ஷாவை உட்கார வைத்துக்கொண்டு சொன்னாயே, "அண்ணா, அந்த வலையெல்லாம் வெளிய எடுத்துருங்க, குடாவையே அது கொன்னுக்கிட்டு இருக்கு" என்று. அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா உனக்கு? நிக்ஷா கரண்டியை வைத்தான், தொப்பியை எடுத்தான், போய்விட்டான். அன்றிலிருந்து படகுத்துறையில் என்னைக் கண்டால் முதுகைக் காட்டுகிறான்.

வலைக்குப் போட்ட அந்தச் செம்புப் பூச்சை நான்தான் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. ஒராதா மீன் கூட்டம் கூட்டமாக வந்து நம் பண்ணைச் சிப்பியை ஓட்டோடு நொறுக்கித் தின்றது. சுற்றி வலை கட்டினோம். வலையில் பாசியும் புழுக்கூடும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஓடாமல் சிப்பிக்கு மூச்சு முட்டியது. வலையை இழுத்து இழுத்துச் சுரண்டி என் முதுகு போனது. அப்போது, "எங்க கம்பெனியில புதுசா ஒண்ணு வந்திருக்குண்ணா, வலையை முக்கி எடுத்தா போதும், பாசி கிட்டயே வராது" என்று சொன்னது யார்? உன்னை நான் நம்பினேன். என்னைப் பார்த்து நிக்ஷா நம்பினான். நிக்ஷாவைப் பார்த்துக் குடா முழுக்க நம்பியது.

பொய் சொல்லக் கூடாது, வலை சுத்தமாகத்தான் இருக்கிறது. சிப்பியும் கொழுத்துத்தான் இருக்கிறது. போன சூசையப்பர் திருநாளில் வந்த கூட்டம் முழுவதும் நம் சிப்பியைத்தான் எலுமிச்சை பிழிந்து விழுங்கியது. ஆனால் இரண்டு வசந்தமாகக் கயிற்றில் சிப்பிக் குஞ்சு ஒட்டவில்லை. விரித்த கயிறெல்லாம் வெறுமையாக ஏறி வந்தன. வெயில் காரணமாக இருக்கலாம். யூகோ காற்று காரணமாக இருக்கலாம். கடலுக்கு ஆயிரம் கோபம் இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு காரியம் செய். பூச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நாலு வரி எழுதி அனுப்பு. படித்தவள் சொன்னால் கேட்பார்கள். இந்த ஊரில் நான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

வ்லாஹோ


லுப்லியானா,
21 பிப்ரவரி 2017

அன்புள்ள அண்ணா,

நிக்ஷாவை வைத்துக்கொண்டு சொன்னது தப்பு. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க முடியவில்லை.

அந்த நாலு வரியை நான் எழுத மாட்டேன். கோபப்படாமல் இதைப் படியுங்கள். கோபப்பட்டால் அண்ணியிடம் கொடுங்கள், அவள் படித்துச் சொல்லட்டும்.

மே மாதம் நாம் ஒரு சிப்பியைத் திறந்து பார்ப்போம் அல்லவா? உள்ளே பால் வெள்ளையாக இருந்தால் மூடிவிட்டுக் காத்திருப்போம். பால் சாம்பல் நிறமாக மாறியதும் கயிறு விரிக்க ஓடுவோம். அந்தச் சாம்பல் எது தெரியுமா? குஞ்சுகளின் ஓடு. நம் சிப்பி முட்டையைக் கடலில் கொட்டிவிட்டுப் போகிற ஜாதி இல்லை. தன் செவுளுக்குள்ளேயே குஞ்சை வைத்திருந்து, ஓடு கட்டிய பிறகுதான் வெளியே அனுப்பும்.

அந்தப் பூச்சில் இருக்கிற செம்பு, படகின் அடியில் அடிக்கிற பழைய செம்பு வண்ணம் போல இல்லை. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம், அவ்வளவு பொடித் துகள். வலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று தண்ணீரில் கலக்கிறது. சிப்பிக்கு வேலையே தண்ணீரை இழுத்து வடிகட்டுவதுதான். தாய் இழுக்கிற தண்ணீரோடு துகளும் செவுளுக்குப் போகிறது, குஞ்சு இருக்கிற அதே இடத்துக்கு. தாய் தாங்கிக்கொள்கிறது. கொழுக்கவும் செய்கிறது. குஞ்சுக்கு ஓடு கட்டுவதில்லை. மைக்ராஸ்கோப்பில் என் கண்ணாலேயே பார்த்தேன். ஓடு இருக்க வேண்டிய இடத்தில் கசங்கிய தோல் மாதிரி ஏதோ இருந்தது.

"அப்போ கம்பெனி சோதிக்கலையா?" என்று கேட்பீர்கள். சோதித்தார்கள். வளர்ந்த சிப்பியை வைத்துச் சோதித்தார்கள். அது சாகவில்லை, முத்திரை குத்திவிட்டார்கள். பாலை யாரும் திறந்து பார்க்கவில்லை. உங்களுக்குப் பூச்சு டிரம்மை அனுப்பும்போது நானும் அதைக் கேட்கவில்லை.

இரண்டு காரியம் கேட்கிறேன். மே மாதத்துக்கு முன்னால் வலையை எல்லாம் எடுத்துவிடுங்கள். இன்னொன்று... இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் கயிற்றை அறுத்து அனுப்புங்கள். குடாவின் நடுவில், பூச்சு வலைக்குள் அதிக காலம் இருந்தது அதுதான். அதில் அடுக்கடுக்காக எல்லா வயதுச் சிப்பியும் இருக்கிறது. அதைப் பார்த்தால் குடா இனி தேறுமா, தேறாதா என்று தெரிந்துவிடும்.

நேதா


த்ராவ்னா,
6 மார்ச் 2017

அடியே நேதா,

உனக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா? எதைக் கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்கிறாயா?

லுப்லியானா போனால் எல்லாம் மறந்துபோகுமோ? மறந்திருந்தால் நான் சொல்கிறேன். இங்கே பிள்ளை பிறந்தால் அப்பன் அதன் பேரில் ஒரு கயிறு கட்டுவான், ஒவ்வொரு சிப்பியாகச் சிமெண்ட் வைத்து ஒட்டி. அதன்மேல் குஞ்சு ஒட்டும், அந்தக் குஞ்சின்மேல் இன்னொரு குஞ்சு ஒட்டும். யாரும் விற்க மாட்டார்கள், தொட மாட்டார்கள். அந்தப் பிள்ளையின் கல்யாணத்தன்று அறுத்து ஊருக்கே விருந்து வைப்பார்கள். என் கயிற்றை அறுத்த அன்று நீ குடித்துவிட்டுப் பாதிரியாரை ஆடக் கூப்பிட்டாய். கல்யாணம் ஆகாத பிள்ளையின் கயிற்றை எப்போது அறுப்பார்கள்? அதையும் என் வாயால் சொல்ல வைக்கிறாயே, பாவி. அந்தப் பிள்ளை செத்தால்தான் அறுப்பார்கள்.

நீ கல்யாணம் வேண்டாம் என்றாய், சரி என்றோம். உன் கயிறு தொங்கட்டும், உனக்கு ஆயுசு கெட்டி என்று அர்த்தம் என்று சொல்லி நானும் பேரினாவும் சிரித்துக்கொள்வோம். ஒராதா வந்தபோது என் சொந்தப் பண்ணையை அப்புறம்தான் பார்த்தேன். முதலில் உன் கயிற்றைத்தான் வலை போட்டுச் சுற்றினேன். ஒரு சுற்றுப் போதாது என்று இரண்டு சுற்று. மற்ற வலையை எல்லாம் பூச்சில் ஒரு தடவை முக்கினேன், உன்னுடையதை மட்டும் காயவைத்துக் காயவைத்துத் திரும்பத் திரும்ப முக்கினேன். "தங்கச்சி கயிறுக்குப் பட்டுச் சேலை கட்டுறியா?" என்று நிக்ஷா கிண்டல் பண்ணினான். ஆமாம்டா என்றேன்.

இப்போது நீ எழுதியதை நேற்றிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நீ சொல்வது நிஜமென்றால், குடாவிலேயே அதிக விஷத்தை நான் எதைச் சுற்றி வைத்தேன்? யோசித்துப் பார்.

அறுக்க மாட்டேன். இந்தப் பேச்சை இத்தோடு விடு.

வ்லாஹோ


லுப்லியானா,
20 மார்ச் 2017

அண்ணா,

விட்டுவிட்டேன். கயிற்றை நீங்கள் தொட வேண்டாம். நான் கேட்டிருக்கவே கூடாது.

நேற்று சூசையப்பர் திருநாள். இங்கே ஒரு மீன் கடையில் நம் பக்கத்துச் சிப்பியை ஐஸின்மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். ஓடு அப்படி ஒரு சுத்தம். கடைக்காரர் பெருமையாகக் காட்டினார், "பாருங்கம்மா, ஒரு அழுக்கு இருக்கா?" என்று. வாங்காமல் வந்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு, சொந்த ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்த முடியாது என்றேன். ஏப்ரலோடு வேலை முடிகிறது. நகராட்சியின் குடிநீர் லேபில் இடம் இருக்கிறதாம். அண்ணியிடம் சொல்ல வேண்டாம், மூட்டை மூட்டையாக அத்திப்பழம் அனுப்பிவிடுவாள்.

வலையை மட்டும் எடுங்கள் அண்ணா. மே வருவதற்குள். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

நேதா


த்ராவ்னா,
28 மே 2017

நேதா,

எடுத்துவிட்டேன். சந்தோஷமா?

ஏப்ரலில் நான் மட்டும் ஆரம்பித்தேன். பேரினா படகை ஓட்டினாள், நான் வலையை இழுத்தேன். துறையில் நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் நிக்ஷா தன் படகை அவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"உன் தங்கச்சி சொன்னது நிஜமா?"

"தெரியலடா."

"தெரியாமயா எடுக்குற?"

"அவ பொய் சொல்ற ஜாதி இல்ல. அது மட்டும் தெரியும்."

பத்து நாளில் குடா முழுக்க இருந்த வலை கரையேறிவிட்டது. அந்த வாரமே ஒராதா உள்ளே வந்தது. தண்ணீருக்கடியில் ஓடு நொறுங்குகிற சத்தம் படகில் உட்கார்ந்தால் கேட்கிறது தெரியுமா? விற்கத் தயாராக இருந்ததில் பாதிக்கு மேல் போயிற்று. நிக்ஷா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கெல்லாம் நான் மனதைத் தயார் செய்துகொண்டேன். மே வரட்டும், பால் சாம்பலாகட்டும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று இருந்தேன். மே வந்தது. துறையில் எல்லாரும் கூடி ஒரு சிப்பியைத் திறந்தோம். வெள்ளை. சரி, இன்னும் நாள் இருக்கிறது என்றோம். அடுத்த வாரம் திறந்தோம், வெள்ளை. அதற்கடுத்த வாரம் பாலே இல்லை. காறித் துப்பிய மாதிரி சிப்பியே அதை வெளியே தள்ளிவிட்டது. பேரினா ஓட்டை விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, "கழுவி வெச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

வலையை எடுத்தால் சரியாகும் என்றுதானே சொன்னாய்? எடுத்தோமே. பிறகு ஏன்?

வ்லாஹோ


லுப்லியானா,
8 ஜூன் 2017

அண்ணா,

சரியாகும் என்று நான் எழுதவில்லை. எடுங்கள் என்றுதான் எழுதினேன். இப்போது இதைச் சொல்லிக் காட்டுவது கேவலமாக இருக்கிறது, ஆனாலும் நான் தராத வாக்கை நீங்கள் என் பேரில் வைத்துக்கொண்டு நொந்துபோகக் கூடாது.

நம் குடாவுக்கு வாய் குறுகல். தண்ணீர் சீக்கிரம் மாறாது. கழன்ற துகள் அடியில் போய்ச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். வலையை முக்கியெடுத்த தொட்டிகளை எல்லாரும் துறையிலேதானே கழுவிவிட்டோம், அதுவும் அங்கேதான் கிடக்கும். யூகோ அடிக்கும்போதெல்லாம் சேறு கலங்கும், திரும்பவும் மேலே வரும்.

நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். கையில் எதுவும் இல்லாமல் அடித்துச் சொல்ல நான் யார்? வேறு குடாவிலிருந்து குஞ்சு கொண்டுவந்து போட்டுப் பார்க்கலாம் என்று நிக்ஷா சொன்னதாக அண்ணி எழுதியிருந்தாள். முதலில் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து கொஞ்சமாக.

நேதா


த்ராவ்னா,
17 ஜூலை 2017

நேதா,

இந்தக் கடிதத்தை ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறேன். பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன், நிலையத்தில் போய் வாங்கிக்கொள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று உனக்கே புரிந்திருக்கும்.

நிக்ஷா கொஞ்சமாகப் போடவில்லை. படகு நிறையக் கொண்டுவந்தான். விரல் நகம் அளவு குஞ்சு, பார்க்கவே ஆசையாக இருந்தது. மாதம் முடிவதற்குள் எல்லாம் செத்து வாயைப் பிளந்துவிட்டன. அன்று அவன் என் வீட்டுக்கு வந்து ரக்கியா சாராயப் பாட்டிலை எடுத்து வைத்தான். "வ்லாஹோ, இனி இங்க சிப்பி இருக்கா இல்லையான்னு யாராவது தெளிவாச் சொல்லட்டும்டா. இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். நான் எம்மவன் இருக்கிற ஜெர்மனிக்காவது போய்த் தொலையிறேன். இப்பிடி வருஷா வருஷம் ஓட்டைத் தொறந்து பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது" என்றான்.

அதனால் அறுத்தேன். உனக்காக இல்லை. அவனுக்காக.

கத்தியை இரண்டு தடவை வைத்து எடுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. கயிறு படகில் விழுந்த சத்தம் கேட்டதும் துறையில் நின்ற கோயில் மணிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு ஓடினார். யார் கயிறு என்று கேட்டிருக்கிறார், நேதாவுடையது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வழக்கம் தெரிந்த மனிதர் அல்லவா, சாவு மணி அடித்துவிட்டார். நான் கரைக்கு வருவதற்குள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ரொட்டியோடு பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். பேரினா ஜன்னலில் நின்று கத்துகிறாள், "அவ நல்லா இருக்கா! குத்துக்கல்லாட்டம் இருக்கா! லுப்லியானாவுல தண்ணி டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கா! வீட்டுக்குப் போங்கடி!" என்று. கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் படகுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ரொட்டியை அவர்கள் திருப்பி எடுத்துப் போகவில்லை. சாவு வீட்டுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம். சாப்பிடவும் முடியாமல் எறியவும் முடியாமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

உன் கயிறு கனமாக இருந்தது. நானும் பேரினாவும் சேர்ந்துதான் தூக்கினோம். அடியில் இருப்பவை என் உள்ளங்கையை விடப் பெரியவை. மேலே மேலே தேடினேன், சின்னதாக ஒன்றுகூட இல்லை. பூச்சு வந்த வருடத்தோடு உன் கயிற்றில் குடும்பம் நின்றுவிட்டது.

பார்த்துச் சொல். உள்ளதைச் சொல்.

அண்ணன்


லுப்லியானா,
2 செப்டம்பர் 2017

அண்ணா,

பழைய நண்பர் ஒருவரின் லேபில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

தேறாது.

செவுள், சதை, பாலைச் சுமக்கிற பை, எல்லாவற்றிலும் செம்பு இருக்கிறது. வலையை எடுத்துச் சில மாதம் ஆகியும் குறைந்த மாதிரி தெரியவில்லை. கயிற்றின் அடிமுனையில் ஒட்டியிருந்த சேற்றையும் பார்த்தேன். அதில்தான் அதிகம். இந்தச் சேற்றை அள்ளினால் கலங்கி இன்னும் மோசமாகும், விட்டால் இப்படியே கிடக்கும். நம் காலத்தில் இது போகாது. நமக்குப் பிறகு எப்போது என்று கேட்டால் அதுவும் தெரியாது.

நிக்ஷாவிடம் சொல்லிவிடுங்கள். ஜெர்மனிக்குப் போவதென்றால் குளிருக்கு முன்னால் போகட்டும்.

கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் எழுதியிருக்கிறேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. பூச்சு இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது, இப்போது வேறு நிறத்தில்.

அண்ணா, நீங்கள் இரண்டு சுற்றுச் சுற்றியதை நினைத்து உங்களைத் தின்றுகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு சுற்று மட்டும் சுற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்று உங்களுக்கே தெரியும்.

பெட்டியைத் திறந்தபோது பெரிய சிப்பிகளில் சில இன்னும் உயிரோடு இருந்தன. சோதனைக்கு வேண்டியதைப் பிடிவாதமாகக் குறைத்துக்கொண்டேன். மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உப்புத் தண்ணீரில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

நேதா


த்ராவ்னா,
30 மே 2018

நேதா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபம் இல்லை. எழுத ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

நிக்ஷா போய்விட்டான். ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறானாம். போகிற அன்று துறைக்கு வந்து, "உன் தங்கச்சி மேல எனக்கு வருத்தம் இல்லன்னு எழுதுடா" என்றான். எழுதிவிட்டேன். குடாவில் இப்போது மிதவைகள் மட்டும் மிதக்கின்றன. ஒராதாவும் போய்விட்டது, அதற்கும் இங்கே தின்ன ஒன்றும் இல்லை. நான் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றித் தீவைக் காட்டுகிறேன். "தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு!" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

பெண்கள் இன்னும் பேரினாவிடம் உன்னைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். "நேதா நல்ல பொண்ணா இருந்தா" என்கிறார்கள். நீ உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரியும். கயிறு இல்லாதவளைப் பற்றி வேறு எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

அதனால் போன மாதம் ஒரு கயிறு கட்டினேன். உன் பழைய கயிறு இருந்த அதே இடத்தில். ஒட்டுவதற்குச் சிப்பி கிடையாது, சிமெண்டும் கலக்கவில்லை. வெறும் கயிறு, நுனியில் ஒரு கல். எதுவும் ஒட்டாது என்று எனக்கும் தெரியும். உன் கடிதம் என்னிடம் இருக்கிறது, வரிக்கு வரி தெரியும். நீ அதை மறுபடியும் எழுத வேண்டாம்.

நேற்று இழுத்துப் பார்த்தேன். பாசி பிடித்திருக்கிறது. புழுக்கூடுகூட வந்துவிட்டது. வராமல் இருக்க வேண்டும் என்று எதற்காக அத்தனையும் செய்தோமோ, அதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. சிப்பி இல்லை. கையால் தடவித் தடவிக் கடைசிவரை பார்த்தேன்.

சுரண்டிச் சுத்தம் செய்து திரும்பவும் இறக்கிவிட்டு வந்தேன்.

அண்ணன் வ்லாஹோ